கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? எதுவரைக்கும் வந்து நிக்குதுன்னு பாருங்க

"அண்ணே, சிஸ்டம் ஆன் ஆகல"ன்னு ஃபோன் வந்தா சர்வீஸ் பண்றவங்க திருப்பிக் கேக்குற முதல் கேள்வி "ஃபேன் சுத்துதா தம்பி?"ங்குறதுதான். ஏன்னா "ஆன் ஆகல"ங்குற ஒரு வார்த்தைய வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பட்டனை அமுக்குனா அசைவே இல்லாம கெடக்குறதையும் நாம அப்படித்தான் சொல்றோம், ஃபேன் எல்லாம் ஜோரா சுத்தியும் மானிட்டர் இருட்டா இருக்குறதையும் அப்படித்தான் சொல்றோம், விண்டோஸ் லோகோ வந்து புள்ளி புள்ளியா சுத்திகிட்டே கெடக்குறதையும் அதே வார்த்தைலதான் சொல்றோம். மூணும் வேற வேற கோளாறு. மொத கேஸ்ல விண்டோஸ ஃபார்மட் பண்ணி ஒரு பிரயோஜனமும் கெடையாது, மூணாவது கேஸ்ல புது எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பெட்டி) வாங்கி மாட்டுனா காசுக்குத்தான் கேடு. ஆனா பாதி பேரு என்ன பண்றாங்கன்னா எது கோளாறுன்னே தெரியாம "எத மாத்தணும்"னு ஆரம்பிச்சிடுறாங்க. மாத்துறதெல்லாம் அப்புறம், எதுவரைக்கும் வந்து நிக்குதுன்னு பாக்குறதுதான் மொத வேலை.

அதுக்கு பட்டனை அமுக்குனதுல இருந்து டெஸ்க்டாப் வர்ற வரைக்கும் உள்ள என்ன வரிசையில நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருந்தா போதும். செவுத்துல இருந்து வர்ற 230 வோல்ட் கரண்ட்ட எஸ்எம்பிஎஸ்ங்குற அந்த பெட்டி 12, 5, 3.3 வோல்ட்டா மாத்திக் குடுக்குது. நீங்க பட்டனை அமுக்காம இருக்கும்போதே, பிளக் சொருகி சுவிட்ச் போட்டிருந்தா, ஒரு சின்ன 5 வோல்ட் லைன் மட்டும் முழிச்சுகிட்டே இருக்கும். பட்டனை அமுக்குனதும் மதர்போர்டு அந்த லைன வச்சுதான் "எந்திரி"ன்னு எஸ்எம்பிஎஸ்க்கு சிக்னல் அனுப்புது. எஸ்எம்பிஎஸ் எந்திரிச்சு, எல்லா வோல்டேஜும் சரியா நிக்குதான்னு பாத்துட்டு, அரை செகண்டுக்குள்ள "எல்லாம் ஓகே"ன்னு ஒரு சிக்னல் திருப்பி அனுப்பும். அது வந்தப்புறம்தான் பிராசஸர் வேலையவே ஆரம்பிக்கும். பிராசஸர் மொதல்ல மதர்போர்டுல இருக்குற பயாஸ் சிப்ப படிக்கும், அந்த பயாஸ் ரேம் இருக்கா, டிஸ்ப்ளே இருக்கா, கீபோர்டு இருக்கான்னு வரிசையா செக் பண்ணிட்டு கம்பெனி லோகோவ ஸ்கிரீன்ல காட்டும், அப்புறம் எந்த டிஸ்க்ல விண்டோஸ் இருக்குன்னு தேடி அதுகிட்ட பொறுப்ப ஒப்படைக்கும். விண்டோஸ் தன்னோட டிரைவர் எல்லாம், அதாவது ஒவ்வொரு பார்ட்டையும் வேலை வாங்குற குட்டி சாஃப்ட்வேர் எல்லாம், ஏத்திகிட்டு லாகின் ஸ்கிரீன் காட்டும். அவ்ளோதான். இதுல ஒருத்தர் வரலன்னா அவருக்குப் பின்னாடி நிக்கிற யாரும் வர மாட்டாங்க, அதனால கடைசியா எது நடந்துச்சோ அதுக்கு அடுத்ததுல தேடணும்.

சரி, ஒண்ணுமே நடக்கலன்னு வச்சுக்குவோம். லைட் இல்ல, ஃபேன் இல்ல, சத்தம் இல்ல. சிரிக்காதீங்க, அந்த பிளக் பாயிண்ட்ல மொபைல் சார்ஜர சொருகிப் பாருங்க. அப்புறம் கேபினட்டுக்குப் பின்னாடி, பவர் கேபிள் போய் சேர்ற எடத்துல, எஸ்எம்பிஎஸ்லயே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், கோடும் வட்டமும் போட்டிருக்கும், கோடு பக்கம் அமுங்கி இருக்கணும். வீடு கூட்டும்போது, டேபிள நகத்தும்போது அது ஆஃப் ஆகுறது சகஜம். அடுத்து யூபிஎஸ். நம்ம ஊர்ல வீட்டு கம்ப்யூட்டர் முக்கால்வாசி யூபிஎஸ் வழியாத்தான் ஓடுது, அதுக்குள்ள இருக்குற 12 வோல்ட் பேட்டரி சில வருஷத்துல மண்டையப் போட்டுடும், ஆனா யூபிஎஸ் லைட் மட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும், கம்ப்யூட்டர ஆன் பண்ற அந்த நொடி லோடு தாங்காம கீ கீன்னு கத்திட்டு ஆஃப் ஆயிடும். அதனால யூபிஎஸ்ஸ ஒதுக்கிட்டு நேரா செவுத்துல குடுத்துப் பாருங்க. கேபிள் மேல சந்தேகம்னா புதுசு வாங்க ஓட வேண்டாம், நெறைய மானிட்டருக்கும் கேபினட்டுக்கும் ஒரே மாதிரி பவர் கேபிள்தான், மானிட்டர் கேபிள கழட்டி இதுல மாட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்.

இதெல்லாம் சரியா இருந்தும் அசையலன்னா ஒரு வைத்தியம் இருக்கு. பிளக்க புடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு அரை நிமிஷம் அமுக்கிப் புடிச்சுகிட்டே இருங்க, அப்புறம் திரும்ப மாட்டி ஆன் பண்ணுங்க. இது மந்திரம் இல்ல, இடி மின்னல் நேரத்துலயோ கரண்ட் போய் போய் வந்ததுலயோ எஸ்எம்பிஎஸ்ல இருக்குற பாதுகாப்பு சர்க்யூட் தன்னத்தானே பூட்டிக்கும், உள்ள தங்கி நிக்கிற கொஞ்ச நஞ்ச சார்ஜ் வடிஞ்சாதான் அந்த பூட்டு விடும். லேப்டாப்லயும் இதேதான், சார்ஜர கழட்டிட்டு, பேட்டரி வெளிய கழட்டுற மாதிரி இருந்தா அதையும் கழட்டிட்டு அமுக்கிப் புடிக்கணும்.

அதுக்கும் மசியலன்னா பவர் பட்டனே பழுதா இருக்கலாம். பழைய கேபினட்ல இது அடிக்கடி நடக்கும், பட்டன் உள்ள அமுங்கும் ஆனா காண்டாக்ட் ஆகாது. கேபினட் சைடு மூடிய கழட்டுனா (பிளக்க புடுங்கிட்டு) மதர்போர்டு ஓரத்துல மெல்லிசு மெல்லிசா நாலஞ்சு வயரு போய் குட்டி பின்கள்ல சொருகி இருக்கும், அதுல பவர் சுவிட்ச் வயருக்கும் ரீசெட் சுவிட்ச் வயருக்கும் எடத்த மாத்தி சொருகிடுங்க. இப்ப கேபினட்ல இருக்குற ரீசெட் பட்டன அமுக்குனா ஆன் ஆச்சுன்னா, மதர்போர்டு நல்லா இருக்கு, எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லா இருக்கு, போனது ஒரு சாதா சுவிட்ச். அப்படியே ரீசெட் பட்டனையே பவர் பட்டனா வச்சுகிட்டு வருஷக்கணக்கா ஓட்டுறவங்க இருக்காங்க.

எஸ்எம்பிஎஸ்தான் போச்சான்னு பாக்க, எஸ்எம்பிஎஸ்ல இருந்து மதர்போர்டுக்கு வர்ற 24 பின் கனெக்டர கழட்டி பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் கம்பியால இணைச்சுப் பாக்குற முறை ஒண்ணு உண்டு, வீடியோ எல்லாம் நெறைய கெடக்கு. என்னைக் கேட்டா புதுசா பாக்குறவங்களுக்கு அது வேண்டாம். ஃபேன் சுத்துனா எஸ்எம்பிஎஸ் எந்திரிக்குதுன்னுதான் அர்த்தம், லோடு குடுத்தா நிக்குமான்னு தெரியாது. சில பிராண்டட் டெஸ்க்டாப்ல பின்னோட வரிசையே வேற. தெரிஞ்சவங்ககிட்ட வேற எஸ்எம்பிஎஸ் இருந்தா வாங்கி மாட்டிப் பாக்குறது சுலபம். எதைச் செஞ்சாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டிய மட்டும் ஸ்க்ரூ கழட்டி தொறக்காதீங்க. உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல தேக்கி வச்சிருக்கும், பிளக்க புடுங்குன பிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே நிக்கும், கை வச்சா தூக்கி எறிஞ்சுடும்.

இன்னொரு வகை இருக்கு, பட்டன அமுக்குனதும் ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு டப்புன்னு நின்னுடும், சில நேரம் தானாவே திரும்ப சுத்தி திரும்ப நிக்கும். எங்கயோ ஷார்ட் ஆகுது, இல்ல பிராசஸருக்கு போற தனி பவர் கனெக்டர், சிபியூ ஃபேன் (பிராசஸர் மேல இருக்குற ஃபேன்) பக்கத்துல நாலு இல்ல எட்டு பின்னோட இருக்கும், அது லூசா இருக்கு. பென்டிரைவ், பிரிண்டர், வெப்கேம்னு வெளிய சொருகி இருக்குற எல்லாத்தையும் புடுங்கிட்டு ஆன் பண்ணுங்க, முன்பக்க யூஎஸ்பி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பின் எதுவும் வளைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க, மூடிய கழட்டுனா உள்ள பல்லியோ எறும்புக் கூட்டமோ இருக்கான்னும் பாருங்க, நெஜமாத்தான் சொல்றேன். ஆன் ஆகி அஞ்சு பத்து நிமிஷம் ஓடிட்டு ஆஃப் ஆகுதுன்னா அது பெரும்பாலும் சூடு, சிபியூ ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும், இல்ல பிராசஸர் மேல உக்காந்து சூட்ட இழுக்குற ஹீட்சிங்க் ஒரு மூலைல கழண்டிருக்கும்.

இப்ப எல்லாரையும் பாடாப் படுத்துற கேஸுக்கு வருவோம். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் "நோ சிக்னல்". இங்க மொதல்ல கீபோர்டுல கேப்ஸ் லாக் பட்டன தட்டிப் பாருங்க. லைட் எரிஞ்சு அணைஞ்சா உள்ள சிஸ்டம் உசுரோடதான் இருக்கு, பிரச்சனை டிஸ்ப்ளே பக்கம். கேபிள கழட்டி மாட்டுங்க, மானிட்டர்ல இன்புட் மாறி இருக்கான்னு பாருங்க, அதாவது கேபிள் ஹெச்டிஎம்ஐல இருக்கும், மானிட்டர் விஜிஏவ பாத்துகிட்டு உக்காந்திருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தா மானிட்டர் கேபிள் அந்த கார்டுல மாட்டணும், மேல மதர்போர்டுல இருக்குற போர்ட்ல மாட்டிட்டு தவிக்கிறவங்க ஏராளம். அதுலயும் இன்டெல் பிராசஸர் நம்பர் கடைசில எஃப்னு இருந்தா அதுல உள்ளயே கிராஃபிக்ஸ் கெடையாது, மதர்போர்டு போர்ட்ல எத்தன தடவ மாட்டுனாலும் படம் வராது.

கேப்ஸ் லாக் எரியவே இல்லன்னா பிராசஸர் ரேம் செக் பண்ற எடத்துலயே மாட்டிகிட்டு நிக்குதுன்னு எடுத்துக்கலாம். வீட்டு கம்ப்யூட்டர்ல இந்த நெலமைக்கு அதிகமா காரணமா இருக்குறது ரேம்தான், அதுவும் ரேம் கெட்டுப் போயி இல்ல, காண்டாக்ட் சரியில்லாம. மழைக்காலத்துல, இல்ல லீவுக்கு ஊருக்குப் போயிட்டு ரொம்ப நாள் கழிச்சு ஆன் பண்ணும்போது இது வரும். பிளக்க புடுங்கிட்டு மூடிய கழட்டுங்க. உள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி கேபினட்டோட பெயின்ட் இல்லாத தகரத்த ஒரு தடவ தொட்டுக்குங்க, உடம்புல இருக்குற ஸ்டாட்டிக் (உராய்வுல சேர்ற மின்சாரம்) போயிடும். ரேமோட ரெண்டு ஓரத்துலயும் பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், சிலதுல ஒரு பக்கம் மட்டும், அத வெளிப்பக்கமா தள்ளுனா ரேம் தானா மேல எழும்பும். அடிப்பக்கம் தங்க கலர்ல பல்லு பல்லா இருக்குதுல்ல, அத ஸ்கூல் பிள்ளைங்க வச்சிருக்குற சாதா பென்சில் ரப்பரால ரெண்டு பக்கமும் மெதுவா தேய்ங்க, கருப்பா இருக்குறது போயி பளிச்சுன்னு ஆகும். ரப்பர் துகள் எல்லாத்தையும் காஞ்ச பிரஷ்ஷால தட்டி விடுங்க. உப்புத்தாள் வேண்டாம், தண்ணி வேண்டாம், ஸ்லாட்டுக்குள்ள வாயால ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ள போய் உக்காந்துக்கும். மாட்டும்போது ரேம்ல இருக்குற வெட்டும் ஸ்லாட்ல இருக்குற மேடும் ஒண்ணா சேருதான்னு பாத்து, ரெண்டு ஓரத்துலயும் கட்டவிரல வச்சு அமுக்குங்க, கிளிப் "டிக்"னு தானா வந்து பூட்டணும். இந்த டிக் சத்தம் வராததுதான் பாதி பேரோட பிரச்சனை, பயந்துகிட்டு அரைகுறையா அமுக்குறாங்க, கொஞ்சம் பலமாவே அமுக்கலாம்.

ரெண்டு ரேம் இருந்தா ஒண்ண மட்டும் போட்டுப் பாருங்க, அப்புறம் அடுத்தத மட்டும், ஸ்லாட்டையும் மாத்தி மாத்தி. நாலு ஸ்லாட் இருக்குற போர்டுல ஒரே ரேம்னா பெரும்பாலும் பிராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட்லதான் போடச் சொல்லுவாங்க. இப்படிப் பாத்தா எந்த ரேம் மோசம், இல்ல எந்த ஸ்லாட் மோசம்னு நமக்கே தெரிஞ்சுடும்.

போர்டே கூட துப்பு குடுக்கும். பழைய போர்டுல குட்டி ஸ்பீக்கர் இருந்தா பீப் பீப்னு கத்தும். நீளமா விட்டு விட்டு கத்திகிட்டே இருந்தா நெறைய போர்டுல அது ரேம்தான், ஆனா எத்தன பீப்புக்கு என்ன அர்த்தம்னு பயாஸ் கம்பெனிக்கு கம்பெனி மாறும், உங்க போர்டு மேனுவல்ல பாத்துக்கணும். புது போர்டுகள் நெறையத்துல ஓரத்துல நாலு குட்டி லைட் இருக்கும், சிபியூ, டிரேம், விஜிஏ, பூட்னு பக்கத்துலயே எழுதி இருக்கும், அதாவது பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே, டிஸ்க், எதுல லைட் நின்னு எரியுதோ அங்கதான் சிக்கல். இதவிட தெளிவா யாரும் சொல்ல முடியாது, ஆனா மூடிய கழட்டிப் பாக்காததால பலருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியல. லேப்டாப்ல இதுக்கு பதிலா சார்ஜிங் லைட்டோ கேப்ஸ் லாக் லைட்டோ கணக்கு வச்சு மினுக்கும், டெல், ஹெச்பி ரெண்டுலயும் உண்டு, எத்தன தடவ மினுக்குதுன்னு எண்ணி மாடல் பேரோட தேடுனா என்னன்னு தெரிஞ்சுடும். லேப்டாப் ஸ்கிரீன் இருட்டா இருந்தா சாய்ச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, மங்கலா படம் தெரிஞ்சா பேக்லைட் மட்டும்தான் போயிருக்கு.

ஒரு விஷயம், புதுசா டிடிஆர்5 ரேம் போட்ட சிஸ்டம்னா மொத தடவ ஆன் பண்ணும்போது போர்டு அந்த ரேமுக்கு ஏத்த மாதிரி தன்ன செட் பண்ணிக்கும், அதுக்கு சில நிமிஷம்கூட ஆகும், அதுவரைக்கும் ஸ்கிரீன் கருப்பாதான் இருக்கும். பதறிப்போயி நடுவுல ஆஃப் பண்ணா திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

அடுத்து அந்த காசு சைஸ் பேட்டரி, சிஆர்2032ன்னு மேலயே எழுதி இருக்கும், 3 வோல்ட். பயாஸ் செட்டிங்கையும் நேரத்தையும் காப்பாத்துறது இதான். ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் தேதி எங்கயோ பழைய வருஷத்துல நிக்குதுன்னா இது தீந்து போச்சு, விலை ரொம்ப கம்மிதான், மாத்திடுங்க. டிஸ்ப்ளே வராதப்ப பிளக்க புடுங்கிட்டு இத அஞ்சு நிமிஷம் கழட்டி வச்சு மாட்டுனா பயாஸ் செட்டிங் கம்பெனில இருந்து வந்தப்ப இருந்த மாதிரி ஆகி சில நேரம் வந்துடும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு, இப்ப வர்ற விண்டோஸ் 11 மெஷின் நெறையத்துல பிட்லாக்கர்னு டிஸ்க்க பூட்டி வச்சிருக்கும், உங்களுக்கே தெரியாம கூட ஆன் ஆயிருக்கும். பயாஸ நோண்டுனா "48 இலக்க ரெக்கவரி கீ குடு"ன்னு கேட்டு நின்னுடும். அந்த கீ பொதுவா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேவ் ஆகி இருக்கும், மொபைல்ல லாகின் பண்ணி மொதல்லயே எடுத்து எழுதி வச்சுக்குங்க.

லோகோ வருது, அப்புறம் கருப்பு ஸ்கிரீன்ல "நோ பூட்டபிள் டிவைஸ்"னோ அந்த மாதிரி ஏதோ ஒரு வரியோ வந்து நிக்குதா? சந்தோஷப்படுங்க, எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே எல்லாம் பாஸ். மொதல்ல சொருகி இருக்குற பென்டிரைவ புடுங்குங்க, பயாஸ் அதுல போயி விண்டோஸ தேடிகிட்டு நிக்கும். அப்புறம் ஆன் பண்ணதும் டெலிட் இல்ல எஃப்2 பட்டன தட்டிகிட்டே இருந்தா பயாஸுக்குள்ள போகும், அங்க டிஸ்க் லிஸ்ட்ல உங்க ஹார்டு டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ பேரு தெரியுதான்னு பாருங்க. தெரியலன்னா கேபிள் லூசு, இல்ல டிஸ்க் போச்சு, டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிற சாட்டா கேபிள மாத்திப் பாருங்க. பேரு தெரியுது ஆனா பூட் ஆகலன்னா பூட் ஆர்டர், அதாவது எந்த டிஸ்க்ல மொதல்ல தேடணும்ங்குற வரிசை, மாறி இருக்கலாம், அந்த காசு பேட்டரி தீந்து செட்டிங் எல்லாம் பழையபடி ஆனா இது நடக்கும். ஹார்டு டிஸ்க்ல இருந்து டிக் டிக்னு ஒரே மாதிரி தட்டுற சத்தம் வந்தா மட்டும் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்குற ஃபோட்டோவுக்குத்தான் ஆபத்து, அப்படியே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க.

கடைசி கட்டம், விண்டோஸ் லோகோ வந்து அதுக்கு மேல போகல, இல்ல நீல ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆகிகிட்டே இருக்கு. இது பெரும்பாலும் சாஃப்ட்வேர். 2024 ஜூலை 19ஆம் தேதி உலகம் முழுக்க ஏர்போர்ட்ல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நீல ஸ்கிரீனா நின்னுச்சே, கிரவுட்ஸ்ட்ரைக்குங்குற செக்யூரிட்டி கம்பெனியோட ஒரு தப்பான அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்துச்சு. அதுல ஒரு மெஷின்லயும் ரேமோ டிஸ்க்கோ கெட்டுப் போகல. சேஃப் மோடுல (அத்தியாவசியமான டிரைவர் மட்டும் ஏத்திகிட்டு விண்டோஸ் ஓடுற முறை) போயி ஒரே ஒரு ஃபைல டெலிட் பண்ணா எந்திரிச்சுது. வீட்டு மெஷின்ல இருக்குற சாஃப்ட்வேர் இல்ல அது, ஆனா ஒரு டிரைவரோ அப்டேட்டோ கோணலானா நம்ம மெஷினும் இதே மாதிரிதான் நிக்கும்.

சேஃப் மோடுக்கு போறது இப்படி: லோகோ வந்து புள்ளி சுத்தும்போது பவர் பட்டன அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணுங்க, ரெண்டு மூணு தடவ இப்படிப் பண்ணா விண்டோஸே "ஏதோ சரியில்ல"ன்னு புரிஞ்சுகிட்டு நீல கலர்ல ரிப்பேர் மெனு காட்டும். அதுல டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்னு போனா ஸ்டார்ட்அப் ரிப்பேர் இருக்கும், அத மொதல்ல ஓட விடுங்க. சரியாகலன்னா கடைசியா வந்த அப்டேட்ட அன்இன்ஸ்டால் பண்ற ஆப்ஷன், அப்புறம் சிஸ்டம் ரீஸ்டோர், அப்புறம் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்ல போயி ரீஸ்டார்ட் குடுத்து 4ஆம் நம்பர அமுக்குனா சேஃப் மோடு. சேஃப் மோடுல நல்லா ஓடுதுன்னா விண்டோஸ் அடிப்படை நல்லா இருக்கு, நீங்க சமீபத்துல போட்ட ஏதோ ஒரு சாஃப்ட்வேரோ டிரைவரோதான் கெடுக்குது, அத எடுத்துடுங்க. லாகின் ஆகி கருப்பு ஸ்கிரீன்ல மவுஸ் அம்பு மட்டும் நிக்குதுன்னா விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேத்து அமுக்குனா டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், சில நேரம் அதுலயே வந்துடும்.

இதெல்லாம் பாத்தும் முடியலன்னா கடைக்குத்தான் போகணும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. சென்னைல இருந்தா ரிட்சி தெரு, மத்த ஊர்ல தெரிஞ்ச சர்வீஸ் கடை. போனதும் "ஆன் ஆகல"ன்னு சொல்லாதீங்க, "ஃபேன் சுத்துது, கேப்ஸ் லாக் எரியல, ரேம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாச்சு, டிரேம் லைட் நிக்குது"ன்னு சொல்லுங்க, பேச்சே வேற மாதிரி போகும். "சார் ஃபார்மட் பண்ணிடலாமா"ன்னு கேட்டா லோகோவே வராத மெஷினுக்கு ஃபார்மட் எதுக்குன்னு கேளுங்க. இன்னொண்ணு, ஆன் ஆகாத கேஸும் டிஸ்ப்ளே வராத கேஸும் சரி பண்றதுக்கு உங்க டிஸ்க்கே தேவையில்ல, டிஸ்க் இல்லாமலே பயாஸ் ஸ்கிரீன் வரைக்கும் மெஷின் வரும். அதனால டெஸ்க்டாப்னா ரெண்டு கேபிளையும் நாலு ஸ்க்ரூவையும் கழட்டி டிஸ்க்க வீட்டு பீரோல வச்சுட்டு மிச்சத்த மட்டும் கடைக்கு எடுத்துட்டுப் போங்க.